முதலில் வெள்ளையாகத்தான் இருக்கும்

என் செல்லப் பேத்திக்கு,

நீ அனுப்பிய கனமான தபால் உறை போன வாரம் வந்து சேர்ந்தது. பிரித்தது உன் அம்மா, முகர்ந்து பார்த்தது நான். உன் கைவாசனை கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். பசை வாசனைதான் வந்தது. இங்கே இருவரும் சுகமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அடுத்த கடிதத்தில் எழுது. உன் அம்மாவுக்குச் சொல்லும் பொய்யை எனக்குச் சொல்லாதே.

போன் இருக்கும்போது ஏன் பாட்டி எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். நம் வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு சமையலறையும். நான் போனை எடுத்தால் உன் அம்மா அடுப்படியில் கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். அவளைப் பற்றிய சேதியை அவள் காதுபடவா சொல்வது? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வாத்தியாரிடம் பெயர் வாங்கியவள் நான். அந்தக் கையெழுத்தை இத்தனை வருடமும் தையல் கடைச் சீட்டில் கிறுக்குவதற்கே செலவழித்துவிட்டேன். இப்போதாவது ஓர் உருப்படியான காரியத்துக்கு உதவட்டும்.

முதலில் உனக்கு நன்றி. சம்பளம் வாங்க ஆரம்பித்த முதல் வருடத்திலேயே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கட்டி மேய்த்துக்கொண்டு, பெற்ற தாய்க்கும் ராப்பகலாகக் கேள்வித்தாள் தயாரிக்கிறாய். மஞ்சள் தாளில் அமைப்பு, பச்சைத் தாளில் வினைகள், ரோஜா நிறத் தாளில் கணக்கு என்று நிறம் பிரித்து அனுப்பியிருப்பதைப் பார்த்தபோது எனக்குத் துணிக்கடையில் நிற்பதுபோல இருந்தது. எதை முதலில் எடுப்பாள் என்று பார்த்தேன். மஞ்சளை எடுத்தாள். ரோஜாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள், கை எட்டாத இடமாகப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சொன்னபடியே பரீட்சை நடத்தினோம். நான் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்தேன். உன் அம்மா வேர்வையைத் துடைத்துத் துடைத்து எழுதினாள். நடுவில் தண்ணீர் வேண்டும் என்றாள். பரீட்சை எழுதுகிறவர்கள் எழுந்திருக்கக் கூடாது என்று நானே கொண்டுவந்து கொடுத்தேன். "அத்தை, நீங்க இவ்வளவு கறாரா இருப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கே சம்மதிச்சிருக்க மாட்டேன்" என்றாள். எழுதும்போது பேசினால் மார்க் குறையும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

மஞ்சள் தாளில் அவள் வரைந்த வட்டங்களை நீ பார்த்திருக்க வேண்டும். நடுவில் கரு, சுற்றிலும் கூடுகள், கூட்டுக்குள் புள்ளி புள்ளியாக எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு. சோதனைக் குழாய்களைத் தாங்கியில் வரிசையாக அடுக்கிப் பழகிய கை அல்லவா, புள்ளிகூடக் கோணவில்லை. கார்பனுக்கு நாலு கை என்றாள். ஒவ்வொரு கார்பனிலிருந்தும் நாலு கோடு புறப்படுகிறதா என்று எண்ணிப் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள். எண்ணினேன். ஒன்றிலும் குறையில்லை. எனக்கு என்ன புரிந்தது என்று கேட்காதே, நாலு வரைக்கும் எண்ணத் தெரிந்தது.

பச்சைத் தாளில்தான் சறுக்கிவிட்டாள். விடைத் தாளை வைத்துச் சரிபார்த்ததில் பாதிக்குமேல் தப்பு. உப்புத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் என்ன தெரியும் என்பதற்குச் சாம்பல் நிறம் என்று எழுதியிருக்கிறாள். நீ வெள்ளை என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். இப்படியே வரிசையாக. தாளை மடித்து வைத்துவிட்டு, "தினமும் அந்த இடத்துலதான் நிக்கிறேன், அதுவே எனக்கு வரலைன்னா வேறென்ன வரும்" என்றாள். அப்புறம் வேலை இருப்பதுபோல் பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம் அது.

அவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். பள்ளி இறுதியில் எல்லாப் பாடத்திலும் தேறி, வேதியியலில் மட்டும் தோற்றவள். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை வருடா வருடம் கேட்டு வாங்கும் வேலை. வேதியியலைத் தனித்தேர்வாக எழுதித் தேறினால் வெளியூரில் திறக்கும் புதுக் கிளையில் ஆய்வக உதவியாளர் ஆக்குகிறோம், குடியிருக்க வீடும் தருகிறோம் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். நிலையான வேலை. உன் அப்பா போனதிலிருந்து அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை.

அதனால் அந்தப் பச்சைத் தாளை அப்படியே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். அவளுக்குத் தெரியாமல்தான். எங்கே பிசகுகிறது என்று பார்த்துச் சொல். திட்டி எழுதாதே. நீ திட்ட மாட்டாய், இருந்தாலும் டீச்சர் ஆகிவிட்டாய், பழக்கதோஷம் வந்திருக்கும்.

உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும்.

பாட்டி

•

டீச்சரம்மாவுக்கு,

இனி உன்னை இப்படித்தான் அழைப்பேன். பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்ணிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். "உங்க பேத்தி புராணம் ஆரம்பிச்சுட்டீங்களா" என்று அவள் ஊசியில் நூல் கோக்கும் சாக்கில் தலையைக் குனிந்துகொள்கிறாள். குனியட்டும். காது திறந்துதானே இருக்கிறது.

பச்சைத் தாளில் நீ ஒரு பெருக்கல் குறிகூடப் போடவில்லை. தப்பான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "அம்மா, இதை எப்போது பார்த்தீர்கள்?" என்று மட்டும் எழுதியிருந்தாய். உன் அம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒவ்வொன்றாக யோசித்தாள். சாம்பல் நிறம், மறுநாள் காலையில் கழுவு தொட்டிக்கு வந்த சோதனைக் குழாயில் பார்த்தது. சுண்ணாம்பு நீரில் வாயுவை விட்டால் தெளிந்த தண்ணீரும் அடியில் வெள்ளையும் என்று எழுதினாளே, அதுவும் தொட்டிக்கு வந்தபிறகு பார்த்தது. இரும்பு உப்பில் காரம் சேர்த்தால் பழுப்பு, அதுவும். மெக்னீசியத்தை எரித்தால் சாம்பல், அதுவும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அத்தை, நான் எல்லாத்தையும் எல்லாரும் எழுந்து போனதுக்கு அப்புறம்தான் பார்த்திருக்கேன்" என்றாள்.

அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படிக் கண்டுபிடித்தாய்? நீ எழுதிய விளக்கத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த வெள்ளை வீழ்படிவு வெளிச்சத்தில் கிடந்தால் நிறம் மாறுமாம். பச்சையாக விழுவது காற்றுப் பட்டுப் பழுப்பாகுமாம். பால்போல் கலங்கியது அடியில் படிந்துவிடுமாம். அவள் கண் பொய் சொல்லவில்லை, ஆனால் பரீட்சையில் கேட்பது முதலில் தெரிவதை, எனவே முதலில் தெரிவதைப் போய்ப் பார்க்கட்டும் என்று முடித்திருந்தாய். அவளுக்கு இல்லாமல் போனது படிப்பு இல்லை, அந்த நேரத்தில் அங்கே நிற்க ஓர் இடம். அதைக் கண்டு சொன்ன உனக்கு நான் என்ன தருவது? நாலு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

மறுநாளே அவள் ஆய்வக உதவியாளரிடம் கேட்டுவிட்டாள். அதுதான், பெரிய மீசைக்காரர். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு, "இது என்ன சினிமா கொட்டகையா, கழுவுறவங்க எல்லாம் வந்து வேடிக்கை பார்க்க" என்று கேட்டாராம். இவளும் விடவில்லை. "நீங்க டிக்கெட் கிழிச்சா நான் உக்காருறேன்" என்றாளாம். மீசை துடித்ததாம். ஆனால் மறுநாள் மாணவர்கள் வரும் நேரத்துக்குக் கழுவு தொட்டிப் பக்கம் வந்து, "வாங்கம்மா, படம் போடப்போறாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து தினமும் கடைசி மேசைக்குப் பின்னால் அவளுக்கு ஓர் இடம். அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. உன் அம்மாவிடம் சொன்னால், "அவர் மீசைக்கா கும்பிடுறீங்க" என்கிறாள்.

மெக்னீசிய நாடாவைக் கொளுத்தியபோது அவள் "அம்மாடி" என்று கத்திவிட்டாளாம். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது கையை உயர்த்திக் காட்டினாள். இத்தனை வருடமாக அந்தச் சாம்பலைத் துடைத்தவளுக்கு அது அப்படி எரியும் என்று தெரியாது.

சில்வர் நைட்ரேட்டையும் அவளையே விடச் சொன்னாராம் மீசைக்காரர். சொட்டு விழுந்ததும் பால் திரிந்ததுபோல் வெள்ளையாக இறங்கியதாம். "முதல்ல வெள்ளையாத்தான் இருக்கு அத்தை" என்று நாலு முறை சொல்லிவிட்டாள். கையுறை போட மறந்திருக்கிறாள், விரலிலும் உள்ளங்கையிலும் சொட்டு பட்டு இப்போது கறுப்புக் கறுப்பாக இருக்கிறது. வலி எதுவும் இல்லை, பயப்படாதே. மீசைக்காரர் நன்றாக ஏசிவிட்டார்.

இனி என் அசட்டுத்தனத்தைக் கேள். சமன்பாட்டைச் சமன் செய்வது அவளுக்குக் குழப்பம் என்றாள். நான் என் பொத்தான்களைக் கொட்டினேன். வெள்ளைப் பொத்தான் ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன். நூலால் கோத்துக் கோத்து மேசையில் வைத்தோம். இடது பக்கம் வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு. வலது பக்கம் தண்ணீர், அதில் வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்றுதான். இதென்ன பெரிய வித்தை என்று நான் இன்னொரு சிவப்புப் பொத்தானை எடுத்துத் தண்ணீரோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. தையல்காரியின் கணக்கு அது, குறைகிற இடத்தில் பொத்தானை வைத்துத் தைப்பது.

உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை, இதைக் குடிச்சா வாய் வெந்துரும். இது தண்ணி இல்ல, புண்ணு கழுவுற மருந்து" என்றாள். ஒரு பொருளுக்குள்ளே கையை வைக்கக் கூடாதாம், வைத்தால் அது வேறு பொருளாகிவிடுமாம். முழுத் தண்ணீராக இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கலாமாம். வைத்தாள். வெள்ளை குறைந்தது. இடது பக்கம் இன்னொரு வெள்ளை ஜோடியைக் கொண்டுவந்து வைத்தாள். சரியாகிவிட்டது. சொல்லி முடித்துவிட்டு, நூலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சொல்லப் போய்த் தனக்கே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு மேல்தட்டிலிருந்து ரோஜாத் தாளை எடுத்தாள்.

கணக்கில் அந்த மோல் என்பதுதான் அவளைப் படாதபாடு படுத்துகிறது. "கண்ணுக்குத் தெரியாததை யாரு எண்ணினா" என்று சண்டைக்கு வருகிறாள், நான் என்னவோ எண்ணி வைத்ததுபோல. நீ அதற்கு எழுதியிருந்த வழி எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள். பாட்டி மொத்தக் கடையில் வாங்கும் பொத்தானை நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா, சட்டைப் பொத்தான் ஒரு குரோஸ், அதாவது நூற்று நாற்பத்து நாலு, கோட்டுப் பொத்தான் ஒரு குரோஸ், எண்ணிக்கை ஒன்றுதான், தராசில் வைத்தால் எடை வேறு, மோலும் அப்படி ஒரு பொட்டலம்தான், பெரிய பொட்டலம் என்று எழுதியிருந்தாய். என் பொத்தான் ஒரு பாடத்துக்குள் போய்விட்டது! தையல்காரப் பெண்ணிடம் இதையும் சொன்னேன். இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை, தன் பையனுக்கும் ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டாள்.

உன் சித்தப்பா வந்திருந்தான். அண்ணி வெளியூர் போய்விட்டால் நீங்கள் எங்களோடு வந்துவிடுங்கள் அம்மா என்றான். நல்ல பிள்ளை. நாலாவது மாடி, காற்று வருமாம். சரி என்று சொல்லி வைத்தேன்.

நீ நீடூழி இரு.

பாட்டி

•

என் பேத்திக்கு,

பரீட்சை முடிந்தது. எப்படி எழுதினாள் என்று நீ போனில் கேட்டபோது "ம், எழுதினேன்" என்று உன் அம்மா வைத்துவிட்டாள். நடந்ததை நான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்து அழாதே.

காலையில் நான்தான் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் வரை கூடப் போனேன். வாசலில் எல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். ஒரு பெண் உன் அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, பெற்றோர் எல்லாம் அந்தப் பக்கம் நிக்கணும்" என்றாள். உன் அம்மா அனுமதிச் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஸாரி, எந்தப் பாடம் உங்களுக்குப் போச்சு" என்று கேட்டாள். "உனக்குப் போனதுதான்" என்றாள் உன் அம்மா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தேன்.

உள்ளே நடந்தது இது. மஞ்சள் தாளைப் போன்ற கேள்விகள், பச்சைத் தாளைப் போன்ற கேள்விகள் எல்லாம் நன்றாகப் போயிருக்கின்றன. இரும்பு உப்புக் கேள்வி வந்ததாம். முதலில் பச்சை, வெளியில் கிடந்தால் பழுப்பு என்று இரண்டையும் எழுதினாளாம். கணக்கைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதற்கு வரும்போது மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை பக்கத்தில் வந்து, "கையில என்ன எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்றிருக்கிறார். உள்ளங்கையிலும் விரல்களிலும் அந்தக் கறுப்பு. எழுதி அழித்த மை மாதிரி இருக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

"எழுத்து இல்லைங்க, சில்வர் நைட்ரேட்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். "ஓகோ, பரீட்சை ஹால்லயே விடையைச் சத்தமா சொல்றீங்களா" என்று அந்த அம்மா அதட்ட, மொத்த அறையும் திரும்பிப் பார்த்திருக்கிறது. எழுப்பிக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்களாம். கழுவித் தள்ளுவதே தொழிலாக இருக்கிறவளைப் பார்த்து! எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. போகாது, தோல் உரிந்தால்தான் போகும் என்று இவளுக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? அந்த ஆசிரியையைக் குற்றம் சொல்லவில்லை. அவர் வேலையை அவர் பார்த்தார்.

தலைமைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, சில்வர் நைட்ரேட்டுக்கு நிறம் இல்லையே, இது ஏன் கறுப்பா இருக்கு" என்று கேட்டாராம். அப்போது பொத்தான் மேசையில் உங்களுக்குச் சொன்ன மாதிரியே நினைத்துக்கொண்டு சொன்னேன் அத்தை என்றாள். தோலில் பட்டதும் வெளிச்சத்தில் அது பிரிந்து வெள்ளி தனியாக வந்துவிடுகிறது, பொடிப்பொடியாக இருக்கும் வெள்ளி பளபளக்காது, கறுப்பாகத்தான் தெரியும் என்றாளாம். அவர் கையை விட்டார். பிறகு அந்த ஆசிரியையிடம், "இவங்க கையில எழுதிட்டு வரவேண்டிய ஆள் இல்ல, உக்கார வைங்க" என்றிருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் என் நன்றி. ஆனால் போன நேரத்தை அவரால் திருப்பித் தர முடியவில்லை, சட்டம் இல்லையாம்.

திரும்ப உட்கார்ந்து கணக்கில் பாதியைத்தான் முடித்தாளாம். கடைசிக் கணக்கு, பத்துக் கிராம் சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்கினால் எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும் என்பது. பத்துக் கிராம் என்பது பத்தில் ஒரு மோல், அதை ஐம்பத்தாறால் பெருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறாள். மணி அடித்துவிட்டது, தாளை வாங்கிவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அஞ்சு புள்ளி ஆறு கிராம். எனக்குத் தெரியும் அத்தை. தெரிஞ்சதை எழுதாம வந்துட்டேன்" என்றாள். பிறகு படுத்துக்கொண்டாள்.

தேறுவாளா மாட்டாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ கூட்டிப் பார்த்து ஒரு வார்த்தை எழுது. போன தடவை தோற்றபோது அவள் யாரிடமும் சொல்லவில்லையாம், தனியாகவே வைத்துக்கொண்டாளாம். இந்தத் தடவை அப்படி ஆகாது. தோற்றாலும் நாம் இரண்டு பேர் கூட இருக்கிறோம் என்று இருக்கட்டும்.

எனக்கென்று தனியாக எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். அம்மாவுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் பாட்டி, அம்மா ஏதாவது சொன்னார்களா என்று. முதலில் அவள் தேறட்டும். அவள் முடிவை எதிர்பார்த்துக் கிடக்கும்போது நான் போய் என் பாட்டைப் பாடலாமா? பெற்ற மகனே இல்லாத வீட்டில் இத்தனை வருடம் ஒரு மருமகள் என்னை வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குமேல் கேட்கிறவளுக்குப் பேராசைக்காரி என்று பெயர். உன் சித்தப்பா வீடு நல்ல வீடு. காற்று வருமாம், சொன்னேன் அல்லவா.

தூங்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்.

பாட்டி

•

டீச்சரம்மாவுக்கு, என் தங்கத்துக்கு,

உன் அம்மா தேறிவிட்டாள்! போனில் நீ கேட்ட செய்திதான், ஆனாலும் என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. உன் அம்மா வேதியியலில் தேறிவிட்டாள். எழுதிவிட்டேன். கூட்டிப் பார்த்தால் விளிம்பில் நிற்கிறது பாட்டி, ஆனால் உள்பக்கமாக விழும் என்று எழுதினாயே, அப்படியே உள்பக்கமாகத்தான் விழுந்தது. வழியை எழுதியதற்கே அந்தக் கடைசிக் கணக்கில் பாதி மார்க் கொடுத்திருப்பார்கள் என்கிறாய். கொடுத்த கை நன்றாக இருக்கட்டும்.

சேதி வந்தபோது அவள் தொட்டியடியில் நின்று சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். மீசைக்காரர் வந்து தண்ணீர்க் குழாயைத் திருகி அடைத்துவிட்டு, "போதும், இனிமே இதுக்கு வேற ஆள்" என்றிருக்கிறார். இவள் தன் வேலை போய்விட்டது என்று நினைத்து முகம் வெளுத்து நின்றிருக்கிறாள். அதன்பிறகுதான் அவர் மார்க்கைச் சொன்னாராம். "நல்ல சேதியைச் சொல்ற முகமா அது, அந்த மீசைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னே தெரியல" என்று வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே அழுதாள். தையல்காரப் பெண் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். உன் அம்மா ஆய்வக உதவியாளர் ஆகிவிட்டாள் என்று நான்தான் சொன்னேன். இதைச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது பார்.

மாதம் முடிவதற்குள் அங்கே சேர வேண்டும். குடியிருப்பு ஒரே அறைதான், கூடவே ஒரு சின்ன முற்றம் என்று கேள்வி. அவளுக்கு மூச்சுவிட நேரம் இல்லை, கல்லூரியில் கணக்கு ஒப்படைப்பது, வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்வது, சாமான் கட்டுவது. நானும் கட்டினேன். என் துணிகளைத் தனியாக எடுத்து, போர்வையில் வைத்து முடிச்சுப் போட்டு, கதவோரமாக வைத்தேன். அவளுக்கு எதையும் கேட்கும் சங்கடம் இருக்கக் கூடாது அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்தான். "அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி" என்றான். உன் அம்மா தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "எங்க, ஊர் சுத்திக் காட்டவா? தாராளமா கூட்டிட்டுப் போங்க தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாந்து விட்டுருங்க. அங்க சாமான் இறக்கும்போது எது எங்கன்னு சொல்ல அத்தை வேணும்" என்றாள். உன் சித்தப்பா என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன், "அதுக்கில்ல அண்ணி, ஒரு ரூம்தானே" என்று இழுத்தான். "இங்க என்ன அரண்மனையா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த தட்டை எடுத்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. உன் சித்தப்பா டீ குடித்துவிட்டு, கயிறு வாங்கிவருகிறேன் என்று எழுந்து போனான்.

அவன் போனபிறகு அவள் கதவோரம் பார்த்தாள். "அத்தை, உங்க துணியை ஏன் தனியா கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். வெயிலில் போடலாம் என்று எடுத்து வைத்தேன் என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வந்து முடிச்சை அவிழ்த்து, என் துணிகளைத் தன் துணிகளுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பெட்டியை மூடினாள். கண்ணாடி டம்ளர் உடையாமல் இருக்க மெத்தென்று ஏதாவது வேண்டுமாம், அதற்காகத்தானாம்.

கண்ணே, உனக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எழுதினால் இந்தத் தாள் போதாது. நீ நிறம் நிறமாக அனுப்பிய தாள்களால்தான் இந்த வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தது. உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உன்னால் நல்லது நடக்கட்டும். நீ நிறைந்த ஆயுளோடு இரு. விடுமுறைக்குப் புது வீட்டுக்கு வா, மூன்று பேருக்கு இடம் இருக்கிறதா என்று நீயும் கேட்டுவிடாதே.

ஒரே ஒரு வேண்டுதல். போன கடிதத்துக்கு முந்தி நீ என்னிடம் கேட்ட அந்தக் கேள்வி, அப்படி ஒன்று நம் இருவருக்குள் இருந்ததே உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவள் உன்னிடம் போனில் பேசும்போது, பாட்டி ஏன் துணியைத் தனியாகக் கட்டினார்கள் என்று கேட்டாலும் கேட்பாள். வெயிலில் போடத்தான் என்று நீயும் சொல். அவள் மனது நோகக் கூடாது.

உனக்கும் உன் அம்மாவுக்கும் என் ஆசி.

பாட்டி